உப்புக்குப் பிறகுதான் ஆசிட்

காட்பாடியில் கல்லூரிப் பிள்ளைகளோடு லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் படிக்க உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "கோடே கையில இருக்கே சார், தனியா டாக்குமென்டேஷன் எதுக்கு?" நியாயமான கேள்வி. ஆவணம் பழசாகிப் பொய் சொல்லும். கணினி செய்வதோ கோடில் இருப்பதைத்தான்.

கோடைப் பாடமாகவே நடத்தியவர் உண்டு. 1976-ல் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்து ஜான் லயன்ஸ், பத்தாயிரம் வரிக்கும் குறைவான யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கெர்னலை வரி எண்ணோடு அச்சிட்டு மாணவர்களுக்குக் கொடுத்தார். அடுத்த பதிப்பின் உரிமம் அப்படிப் பாடம் நடத்துவதைத் தடுத்தது. இருந்தும் ஜெராக்ஸ் பிரதிகளாகவே உலகைச் சுற்றிய அந்தப் பாடம், 1996-ல் புத்தகமானது. ஆனால் லயன்ஸ் கோடை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பக்கம் பக்கமாக உரையும் எழுதினார். அந்தக் கோடில், ஒரு புராசஸை விட்டு இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில், இது வாசகருக்குப் புரிய வேண்டியதில்லை என்கிற ரீதியில் ஒரு குறிப்பு உண்டு. அங்கே நடப்பது தங்களுக்கே சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பிற்பாடு எழுதினார்.

ஆம்பூர் டேனரிகளில் குரோம் ஏற்றுவதற்கு முன் தோலைப் பிக்கிள் செய்வார்கள். டிரம்மில் முதலில் உப்பு, பிறகுதான் ஆசிட். பக்கத்தில் நின்றால் வரிசை தெரியும். உப்பில்லாமல் ஆசிட் விட்டால் தோல் ஊதிக் கெட்டுப்போகும் என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும். கெர்னலில் இரண்டு வரிகளுக்கு நடுவே நிற்கும் மெமரி பேரியரும் இப்படித்தான். முதல் வரி எழுதியது மற்ற பிராசஸர்களுக்குத் தெரிந்த பின்பே அடுத்தது தெரிய வேண்டும். ஏன்? எந்தக் கோப்பில் இருக்கும் எந்த வாசிப்புக்காக? அந்த வரியில் பதில் கிடையாது. கமென்ட் இல்லாத பேரியரைக் கண்டால் லினக்ஸின் செக்பேட்ச் கருவி எச்சரிப்பது அதனால்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல், கோடுக்கு வாக்குறுதி கொடுக்கத் தெரியாது என்பது. தரவை வட்டில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் பிழை தந்தால் மறுபடி அழைத்துப் பார்க்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எழுதியவர்கள் நம்பியிருந்தார்கள். லினக்ஸோ பிழையைச் சொன்ன கையோடு, எழுதப்படாத பக்கங்களையும் எழுதியாயிற்று என்று குறித்துவிடும். இரண்டாவது அழைப்பு வெற்றி என்று திரும்பும், தரவு போயிருக்கும். 2018-ல் இது பெரிய விவாதமானது. கோடு எல்லா நாளும் திறந்தே கிடந்தது. படித்திருந்தாலும், அது தவறிப்போய் நடப்பதா, வேண்டுமென்றே அப்படி வைத்ததா என்று எந்த வரியும் சொல்லியிருக்காது. கடைசியில் போஸ்ட்கிரெஸ்தான் மாறியது: எஃப்சிங்க் தோற்றால் சர்வரை வீழ்த்தி, லாகிலிருந்து மீட்டெடுக்கிறது.

கோடை முதலில் படியுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் இப்போதும் சொல்கிறேன். புரியாத வரிக்கு, அதை யார் எப்போது சேர்த்தார் என்று காட்டும் கிட் பிளேம் போட்டு, அதைச் சேர்த்தவர் எழுதிய காரணத்தையும் படிக்கச் சொல்கிறேன். லினக்ஸின் கிட் வரலாறு 2005 ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வரிகளுக்கு அங்கே காரணம் கிடைக்காது. மொத்தமாகக் கொண்டுவந்து சேர்த்த குறிப்பு ஒன்றுதான் வரும்.