ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நம்ம தொண்டூழியர்கள்



கொஞ்ச நாளா கோயிலுக்கு வர்றவங்க எல்லாரும் எங்களைப் பார்த்ததும் கேட்கிறது ஒன்றுதான்: "கடற்கரையில எண்ணெய் அள்ளப் போனீங்களாமே, எப்படி இருந்துச்சு?" ஒவ்வொருத்தருக்கும் நின்று பதில் சொல்லப் போனால் அன்னதான வரிசை நகர மாட்டேங்குது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் யாரும் ஒரு கரண்டி எண்ணெய்கூட அள்ளவில்லை.

ஜூன் 14, 2024 வெள்ளிக்கிழமை மத்தியானம் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். நெதர்லாந்துக் கொடி போட்ட ஒரு தூர்வாரும் கப்பல் கட்டுப்பாடு இழந்து, அங்கே நின்றுகொண்டிருந்த எண்ணெய்க் கப்பலில் மோதியது. அதன் தொட்டி உடைந்து ஏறக்குறைய 400 டன் எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. நீரோட்டம் அதை செந்தோசாவுக்கும், லேப்ரடார் பக்கமும், தெற்குத் தீவுகளுக்கும், ஈஸ்ட் கோஸ்ட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை, பள்ளி விடுமுறை வேறு. பிள்ளைகளோடு கடலுக்குப் போக நினைத்தவங்க எத்தனை பேர்!

அன்று ராத்திரியே நம்ம வாட்ஸ்அப் குழுவில் பெயர்கள் வந்து விழ ஆரம்பித்துவிட்டன. நம்ம ஆளுங்களைப் பற்றித்தான் தெரியுமே. தீமிதிக்கு அடுத்த நாள் காலையில் சாம்பல் அள்ளுவது, ஆயிரம் பேர் சாப்பிட்ட மண்டபத்தை ஒரு மணி நேரத்தில் கழுவி விடுவது எல்லாம் பழகிப்போன கைகள். எண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். விளக்கு மாடத்துக்குக் கீழே தரையில் படிந்த எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் அது பரவத்தான் செய்யும், முதலில் மரத்தூள் தூவி உறிஞ்ச விட்டு அப்புறம்தான் சுரண்டணும் என்று நம்ம கோயிலில் பத்து வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு அக்கா வாளி, முறம், ரப்பர் கையுறை, பழைய வேட்டித் துணி எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

பதிவு செய்து எங்கள் முறை வந்தபோது ஜூன் மாதம் முடியப்போகிற ஒரு வாரயிறுதி. நெடுஞ்சாலையில் வாகனங்கள் வழக்கம்போலப் பறந்துகொண்டிருந்தன. சாலைக்கு இந்தப் பக்கம் இறங்கி மரங்களைத் தாண்டினால் பெட்ரோல் நிலையத்தில் நிற்கிற மாதிரி ஒரு வாசனை. மூட்டையோடு போனோம். அங்கே விளக்கம் சொன்ன அதிகாரி மூட்டையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். எங்கள் வேலை இவ்வளவுதான்: மேல்சட்டை போட்டுக்கொண்டு கரையோரமாக நடக்கணும். தண்ணீரில் இறங்க வருகிறவங்களைத் தடுக்கணும். மணலில் தார் உருண்டை தெரிந்தால் படம் எடுத்து இடத்தைச் சொல்லணும். தொடக் கூடாது.

எங்களில் சிலருக்கு முகம் வாடிவிட்டது. கொஞ்ச தூரத்தில் வெள்ளை அங்கி போட்ட ஊழியர்கள் அந்த வெயிலில் கறுத்த மணலை வாரி வாரிப் பையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர்த் தம்பிகளும் பங்களாதேஷ் தம்பிகளும் அதில் இருந்தார்கள். அவங்க குனிந்து வேலை செய்ய, நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?

"இங்கே வேண்டாம் சார், அந்தச் சதுப்புநிலக் காடு இருக்கே, லேப்ரடார் பக்கம் பெர்லேயர் ஓடை, அங்கேயாவது எங்களை இறக்கி விடுங்க" என்று நம்ம அண்ணன் ஒருவர் கேட்டே விட்டார். அப்போது அந்த அதிகாரி சொன்னதைத்தான் நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சதுப்புநிலச் சேற்றில் காற்று கிடையாது. அதனால் அங்கே வளரும் சில மரங்கள் தங்கள் வேரைச் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்த மாதிரி நீட்டி வைத்திருக்கும். அந்த வேரில் இருக்கிற பொடிப்பொடித் துளைகள் வழியாகத்தான் மூச்சு. எண்ணெய் பூசிக்கொண்டால் துளை அடைத்து மரம் திணறும். சரி, துடைக்கலாமே என்று நாம் ஐம்பது பேர் உள்ளே இறங்கினால் என்ன ஆகும்? வேர் முறியும். அதைவிட மோசம், மேலே கிடக்கிற எண்ணெயை மிதித்து மிதித்துச் சேற்றுக்குள் அனுப்பிவிடுவோம். மேலே கிடந்தாலாவது அலை அடிக்கும், வெயில் படும், நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். காற்றில்லாத சேற்றுக்குள் போனால் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். அதனால்தான் ஓடையின் வாயிலேயே மிதக்கும் தடுப்புகளைப் போட்டு எண்ணெய் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார்கள். தெற்குக் கரையில் சதுப்புநிலக் காடு என்று நமக்கு மிஞ்சியிருப்பதே மிகக் கொஞ்சம்.

வீட்டுக்கு வந்து நாங்களும் கொஞ்சம் படித்துப் பார்த்தோம். 1967இல் டோரி கேன்யன் என்ற கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. எண்ணெயைக் கரைக்க ஏறக்குறைய 10,000 டன் சலவை மருந்தைக் கொட்டினார்கள். பாறையில் ஒட்டி வாழ்கிற நத்தை, சிப்பிகளை எண்ணெயைவிட அந்த மருந்துதான் அதிகம் கொன்றது. நல்ல மனசோடு செய்ததுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம மடப்பள்ளியில் காய் நறுக்க வருகிற தம்பி ஒருவர் இங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறவர், ஊர் எண்ணூர். நாங்கள் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல யாரும் தொடாதேன்னு சொல்லலண்ணே. சொல்றதுக்கு ஆளே வரல."

2017 ஜனவரியில் அங்கே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது மாணவர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் ஓடையில் மறுபடியும் எண்ணெய். தம்பியின் அப்பா படகில் உட்கார்ந்து வெறுங்கையால் குவளையில் மொண்டாராம். தோல் எரிச்சல் அடங்க ரொம்ப நாள் ஆச்சாம். "அள்ளலேன்னா வலை போட முடியாது, வலை போடலேன்னா சோறு இல்ல." நாங்கள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கை வைக்காமல் நிற்க முடிகிறது என்றால், நமக்குப் பதிலாகச் சரியான உடுப்போடும் கருவியோடும் யாரோ குனிந்து நிற்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அடுத்த முறை போனபோது அங்கே மேற்பார்வையாளரிடம் கேட்டு, ஊழியர்கள் ஓய்வெடுக்கிற இடத்தில் மோர் வைத்துவிட்டு வந்தோம்.

அன்றைக்குத்தான் அந்தக் குடும்பம் வந்தது. காலை எட்டு மணி இருக்கும். மொட்டை அடித்த ஒரு பையன், வயசு இருபத்தைந்துக்குள்தான். கையில் மஞ்சள் துணி கட்டிய பாத்திரம். பின்னால் அத்தை, மாமா எல்லாரும். பார்த்த உடனே புரிந்துவிட்டது. அப்பாவுக்குக் கருமாதி, பிண்டத்தைக் கடலில் கரைக்க வந்திருக்கிறார்கள். முன்னால் நின்றிருந்த வேறு தொண்டூழியர்கள் ஆங்கிலத்தில் "உள்ளே போக முடியாது" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். பையன் கேட்கிற நிலையில் இல்லை. "அஞ்சு நிமிஷம்தான், முட்டி வரைக்கும்தான்" என்று கண் கலங்கிக் கெஞ்சினான்.

எங்களைக் கூப்பிட்டார்கள். நம்ம அக்கா போய் முதலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, தண்ணியைப் பாருப்பா. அப்பாவுக்குக் கொடுக்கிறதை இதிலயா விடப்போற?" அவன் பார்த்தான். ஓரத்தில் வானவில் மாதிரி ஒரு படலம் மினுக்கிக்கொண்டிருந்தது. பாத்திரத்தை மார்போடு சேர்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான். நேரம் தவறிவிடும் என்று அத்தைக்குப் பதற்றம். உடனே நம்ம குருக்களுக்குப் போன் போட்டோம். அவர் யோசிக்கவே இல்லை. "பாசிர் ரிஸ் பக்கம் போகச் சொல்லுங்கோ. கடல் ஒண்ணுதானே. மனசு சுத்தமா நின்னு விடட்டும், நேரத்தை நான் பார்த்துக்கிறேன்." ஒலிபெருக்கியில் போட்டு எல்லாரும் கேட்டார்கள். மாமா காரை எடுக்கப் போனார். பையன் எழுந்து கிளம்பும்போது அக்காவின் காலைத் தொட்டுவிட்டுப் போனான். அந்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு நாங்கள் செய்ததில் மனசில் நிற்கிற வேலை அது ஒன்றுதான்.

இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம், ஆடி அமாவாசைதான். தர்ப்பணத்துக்குக் கடலுக்குப் போகிற வழக்கம் உள்ளவர்கள், எந்தக் கரை திறந்திருக்கிறது என்று அந்த வாரம் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கயிறு கட்டியிருக்கிற இடத்தில் தாண்டிப் போக வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை என்றால் அவங்களுக்கு வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அலுவலகம் காலை ஏழு மணிக்கே திறந்துவிடும், யாராவது ஒருத்தர் போன் பக்கத்தில் இருப்போம்.