மிதக்கிற கம்பி யாருக்குக் கணக்குச் சொல்லுது?

கனடாவில் இருக்கிற மாமா மகன் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழாயை அவன் மால்ட் கஷாயத்தில் மிதக்கவிடுற வீடியோவைப் பார்த்துட்டு அம்மா கேட்டாங்க: "இது நம்ம ஸ்டோர்ல பாலுக்குப் போடுறதுதானே?"

அதேதான். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் றப்பர் தோட்டங்களில் அதன் பெயர் மெட்ரோலாக். அம்மா இருபது வருஷமா பால் வெட்டுறாங்க. அந்தக் கருவியை ஒருநாளும் கையில் பிடிச்சதில்லை.

மாமா மகனுடைய கணக்கு லேசானது. தண்ணீரின் அடர்த்தி 1.000. சீனி கரைந்த கஷாயம் அதைவிடக் கனம், அதனால் குழாய் மேலே எழும்பும். அவனுக்கு 1.050 வேணும், ஆனால் 20 லீற்றர் கஷாயம் 1.060 காட்டுது. 60-ஐ 20-ஆல் பெருக்கினால் 1200. அதை 50-ஆல் வகுத்தால் 24. அப்போ 4 லீற்றர் தண்ணீர் ஊத்தணும். 1.040 காட்டினால்? 800-ஐ 50-ஆல் வகுத்தால் 16. 4 லீற்றரை ஆவியாக்கணும், இல்லாட்டி சுமார் அரைக் கிலோ சீனி போடணும். சூட்டோடு அளந்தால் குறைவாகக் காட்டும், ஆறவிட்டுத்தான் பார்க்கணும். தண்ணீர் கூடும் குறையும், உள்ளே இருக்கிற சீனி மாறாது. நம்ம ஊரில் கித்துள் பதநீரைக் காய்ச்சிப் பாணி ஆக்குறதும் இதுதான்.

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இதைச் செய்தால் 1912-ஆம் ஆண்டு மதுவரிச் சட்டத்தின்படி குற்றம். கசிப்பு நம்ம லயங்களில் எத்தனை வீட்டைத் தின்றது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதனால் பியரை விட்டுடுவோம். கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

றப்பர் தண்ணீரைவிட லேசு. அதனால் பாலில் எல்லாம் தலைகீழ். பால் கெட்டியாக இருந்தால் மெட்ரோலாக் ஆழமாக இறங்கும், தண்ணீர் கலந்திருந்தால் மேலே நிற்கும். வெட்டின பால் அப்படியே அளக்க முடியாத அளவு கெட்டி. ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து அளந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்குவாங்க. 100 காட்டினால் ஒரு லீற்றர் பாலில் 300 கிராம் காய்ந்த றப்பர். ஷீட் போட அதை லீற்றருக்கு 125 கிராமுக்கு இறக்கணும் என்றால், 100 லீற்றர் பாலை 240 லீற்றர் ஆக்கணும். மாமா மகன் போட்ட அதே கணக்கு.

இந்த மூன்றால் பெருக்குற இடம்தான் முக்கியம். 20 லீற்றர் பால் கொண்டுபோன ஒருத்தருக்கு 100 என்றால் 6 கிலோ. அவசரமாகத் தப்பாகப் பார்த்து 90 என்று எழுதினால் 5.4 கிலோ. கருவியில் பத்துக் கோடு, கணக்கில் 600 கிராம். அன்றைய அளவு 6 கிலோ என்று இருந்தால், அந்தப் பத்துக் கோடு முழுப்பேரை அரைப்பேர் ஆக்கிடும். கணக்கப்பிள்ளை கெட்டவராக இருக்கணும் என்று அவசியமே இல்லை, அவசரப்பட்டாலே போதும்.

மழை நாளில் சிரட்டையில் தண்ணீர் விழும். வெட்டினவர்தான் ஊத்தினார் என்று பேச்சு வரும். கருவிக்கு மழைத் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. அது அடர்த்தியை மட்டும்தான் சொல்லும், ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நம்மில் பலர் ஓ.எல். விஞ்ஞானத்தில் மிதப்பு படிச்சு, பாஸ் பண்ணி, மறந்தும் போனோம். அந்தப் பாடம் நம்ம வீட்டுச் சம்பளத் துண்டில் தினமும் நடக்குது. அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அம்மாகிட்ட, அக்காகிட்ட மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: நுரை அடங்கியதா, எத்தனை பங்கு தண்ணீர், எந்தக் கோடு? கேட்கிறதுக்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.