முதல்ல நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

விருதுநகர்ல எங்க அப்பாகிட்ட ஒரு டி.வி.எஸ். 50 இருந்தது. பங்க்ல போய் நின்னா "ரெண்டு லிட்டர், ஆயில் சேர்த்து" என்பார். ஞாயித்துக்கிழமை காலைல பிளக்கைக் கழட்டி, உப்புத்தாள் வச்சு தேச்சு, ஊதி, மறுபடி மாட்டி ஒரு மிதி மிதிப்பார். முற்றம் முழுக்க நீலப் புகை. அம்மா உள்ளேருந்து திட்டுவாங்க. எனக்கு என்னவோ அந்த வாசனை மல்லிகைப்பூ மாதிரி.

அப்படியே புனேக்கு வாங்க. வருஷம் பல ஓடியாச்சு. ஹிஞ்சேவாடியில பொட்டி தட்டிட்டு இருக்கேன். ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பன் வீட்டு வாசல்ல அதே வாசனை! ஓடிப் போய்ப் பார்த்தா, தரையில ஒரு கார் புகை விட்டுக்கிட்டு நிக்குது. நம்ம வீட்டு டீப்பாய் நீளம் இருக்கும். நண்பன் கையில ரிமோட். அவனுக்கு ஹைதராபாத் மாற்றல், வண்டியை விக்கப் போறேன்னான். அன்னிக்கு ராத்திரியே அது எங்க வீட்டு பால்கனிக்கு வந்து சேர்ந்துடுச்சு. தங்கமணி பேசாம ஒரு பார்வை பார்த்தாங்க. அது தனிப் பதிவு.

தெரியாதவங்களுக்குச் சின்ன விளக்கம். ரிமோட் கார்ல மூணு ஜாதி. பேட்டரியில ஓடுறது ஒண்ணு. நைட்ரோமீத்தேன் கலந்த தனி எரிபொருள்ல ஓடுற சின்ன கார் இன்னொண்ணு. மூணாவது, பங்க்ல வாங்குற பெட்ரோல்லயே ஓடுற பெரிய கார். இதுங்க நிஜ வண்டியில அஞ்சுல ஒரு பங்கு அளவு. எச்.பி.ஐ. பாஹா 5பி, லோஸி ஃபைவ்-டி எல்லாம் இந்த வகையில பிரபலமான பேர்கள். என்னோடது அந்தச் சாயல்ல வந்த ஒரு வண்டி. என்ஜின் 23 சி.சி.யில ஆரம்பிச்சு 30 சி.சி.யைத் தாண்டியும் வரும். டூ ஸ்ட்ரோக். புல் வெட்டுற மெஷின்ல இருக்குமே, அந்த வம்சம்தான். அதாவது அப்பாவோட டி.வி.எஸ். என்ஜின்ல பாதியை 11 கிலோ பொம்மையில வச்சிருக்காங்க.

பொம்மைன்னு சொல்லிட்டேன். இந்தப் பதிவே அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கத்தான்.

வண்டி வந்த முதல் ரெண்டு மாசம் நான் பண்ணின அலப்பறை இருக்கே! இணையத்துல படிச்சுப் படிச்சு முதல்ல வாங்கினது டியூன்டு பைப், அதாவது வேகம் கூட்டுற சைலன்சர். அடுத்து என்ஜினைக் கழட்டி பெரிய சிலிண்டரும் பிஸ்டனும். அப்புறம் பளபளன்னு அலுமினிய பாகங்கள். கஸ்டம்ஸ் வரி, கூரியர் எல்லாம் சேர்த்து அந்த வருஷ போனஸ் ஸ்வாஹா. ஒவ்வொண்ணும் வண்டியை இன்னும் வேகமா ஓட வைக்க. நிக்க வைக்கன்னு ஒரு ரூபாய்கூட செலவு பண்ணலை. அது தோணவே இல்லை.

எங்க ஏரியாவைத் தாண்டி, மனை போட்டு விக்காம கிடக்குற ஒரு பொட்டல் இருக்கு. ஞாயித்துக்கிழமை அங்கதான் ஓட்டுவேன். ஒரு ஓரத்துல பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. நான் மறு ஓரம். நடுவுல நூறு மீட்டர் இருக்குமே, போதாதா?

அன்னிக்கு மூணாவது ரவுண்டு. நேர்கோட்டுல ஆக்சிலேட்டர் அழுத்தினேன். விட்டேன். வண்டி விடலை. பிரேக் தள்ளினேன். ஒண்ணுமில்லை. ஸ்டியரிங் திருப்பினேன். திரும்பலை. ரிமோட்ல விளக்கு பச்சையா எரியுது, வண்டி என் பேச்சைக் கேக்காம பசங்க இருக்குற பக்கமா போய்க்கிட்டே இருக்கு. கத்தினேன். தமிழ்ல கத்தினேன்! எந்தப் பையனுக்குப் புரியும்?

ஒரு பையன், ஏழு வயசு இருக்கும், பந்து பொறுக்கக் குனிஞ்சிருந்தான். வண்டி அவனுக்கு ஒரு கை தூரத்துல கடந்து போய், பின்னாடி இருந்த செங்கல் குவியல்ல மோதி, எகிறி, தலைகீழா விழுந்தது. அப்பவும் நிக்கலை. சக்கரம் நாலும் வானத்தைப் பார்த்துக்கிட்டு என்ஜின் அலறுது. ஓடிப் போய் ஸ்டாப் பட்டனைத் தேடுறேன், கை நடுங்குது, சைலன்சர்ல பட்டு விரல் வெந்ததுதான் மிச்சம்.

பக்கத்துல ஸ்கூட்டர் மெக்கானிக் கடை வச்சிருக்கிற காகா ஓடி வந்தார். கையில இருந்த சாக்குத்துணியை சைலன்சர் வாயில வச்சு அமுக்கினார். திக்கித் திணறி நின்னுது. அந்தப் பையனோட அம்மா வந்தாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டியிருந்தா தேவலை. பையன் கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னைப் பார்க்காமலே போயிட்டாங்க.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. நம்மதான் பொட்டி தட்டுற ஜாதியாச்சே, கணக்குப் போட்டேன். 11 கிலோ, மணிக்கு 60 கிலோமீட்டர். அந்த வேகத்தோட சக்தி, 11 கிலோ அரிசிப் பையை 14 மீட்டர் உயரத்துலேருந்து போட்டா வர்ற சக்தி. அதாவது நாலாவது மாடி பால்கனியிலேருந்து. கீழே குனிஞ்சு பந்து பொறுக்கிட்டு இருக்கிற பையன் மேல.

மறுநாள் வண்டியைத் தூக்கிட்டு காகா கடைக்குப் போனேன். அவருக்கு ரிமோட் பத்தித் தெரியாது, என்ஜின் பத்தித் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சது இதுதான்: வண்டிக்குள்ள இருக்கிற ரிசீவர் பேட்டரி பாதி வழியில செத்துப் போச்சு. பேட்டரி கார்ல பேட்டரி செத்தா வண்டி நின்னுடும். பெட்ரோல் கார் அப்படி இல்லை! பிளக்குக்குத் தேவையான மின்சாரத்தை என்ஜினே சுத்திச் சுத்தித் தயாரிச்சுக்கும். ஆக்சிலேட்டரை இழுக்குற சர்வோ மோட்டார் உயிர் போன இடத்துலயே உறைஞ்சு நிக்கும். பெட்ரோல் தீர்ற வரைக்கும் வண்டி யாருக்கும் கட்டுப்படாது.

நான் வாங்கிப் போட்ட பைப்பையும் சிலிண்டரையும் ஒரு பார்வை பார்த்தார் காகா. மராத்தியில ரெண்டே வரி சொன்னார்: "ஆதி தாம்பவ். மக பளவ்." முதல்ல நிறுத்து. அப்புறம் ஓட்டு. பழைய ஸ்கூட்டர் சாமான் டப்பாவைத் துழாவி ஒரு ஸ்பிரிங் எடுத்துக் குடுத்தார். காசு வாங்கலை.

இனி, புதுசா இந்த வண்டி வாங்கப் போறவங்களுக்கு. நான் பண்ணின வரிசையைத் தலைகீழாப் போட்டா அதுதான் சரியான வரிசை.

முதல்ல நிறுத்துற சமாச்சாரம். கார்புரேட்டர் கையில ஒரு கூடுதல் ஸ்பிரிங் மாட்டுங்க. சர்வோவோட இணைப்பு கழண்டாலோ முறிஞ்சாலோ அது ஆக்சிலேட்டரை மூடிடும். ரிமோட்ல ஃபெயில்சேஃப்னு ஒண்ணு இருக்கும். சிக்னல் போனா பிரேக் போடுன்னு நீங்கதான் சொல்லி வைக்கணும், சில ரிமோட் சொல்லாட்டி கடைசியா வந்த கட்டளையையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். ஆனா ரிசீவருக்கே கரண்ட் இல்லைன்னா ஃபெயில்சேஃப் பாவம் என்ன பண்ணும்? அதுக்குத்தான் கில் ஸ்விட்ச். இக்னிஷன் காயிலோட ஒயரை என்ஜின் உடம்போட சேர்த்து, பிளக்குக்கு நெருப்பு போகாம பண்ணிடும். சிக்னல் போனாலும், பேட்டரி போனாலும் வேலை செய்யுற மாதிரி ஒண்ணைக் கேட்டு வாங்குங்க. அப்புறம் அந்த ரிசீவர் பேட்டரி. நேத்து சார்ஜ் போட்டதுதானேன்னு கிளம்பாதீங்க, நான் அப்படித்தான் கிளம்பினேன். ஒவ்வொரு தடவையும் மீட்டர் வச்சுப் பாருங்க.

ரெண்டாவது மூச்சு. ஏர் ஃபில்டர்ல இருக்கிற ஸ்பாஞ்சை ஒவ்வொரு ஞாயிறும் கழுவிக் காய வச்சு, ஃபில்டர் ஆயில்ல பிசைஞ்சு மாட்டணும். ஓரத்துல கொஞ்சம் கிரீஸ். நம்ம ஊர் பொட்டல் தூசு ஒரு சிட்டிகை உள்ள போனா போதும், பிஸ்டனுக்கு உள்ளேயே உப்புத்தாள் போட்ட மாதிரி.

மூணாவது சாப்பாடு. இதுல ஆயில் டேங்க் தனியா கிடையாது, அப்பா காலத்து மாதிரி கலந்துதான் ஊத்தணும். 25க்கு 1. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில். கண்ணளவு வேண்டாம், மருந்துக்கடை சிரிஞ்ச் வாங்கிக்குங்க. ஆயில் குறைஞ்சா பிஸ்டன் ஜாம். இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டருக்குள்ள இருக்கிற மெல்லிசான டயஃப்ரத்தையும் ரப்பர் குழாயையும் நாளாக நாளாகக் கெடுக்கும். அதனால கலந்ததை மாசக்கணக்குல வைக்காதீங்க. ஓட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணி, மிச்சம் இருக்கிறது தீர்ந்து என்ஜின் தானா நிக்கிற வரைக்கும் விடுங்க. குழாய், டேங்குக்குள்ள போடுற குட்டி ஃபில்டர் எல்லாம் வெளிநாட்டுலேருந்து வரவழைக்க வேண்டாம். மருந்தடிக்கிற மெஷின், புல்வெட்டுற மெஷினுக்கு உதிரி பாகம் விக்கிற விவசாயக் கடைக்கு ஒரு நடை போங்க. அதிர்ஷ்டம் இருந்தா டயஃப்ரம் கிட்கூட கிடைக்கும்.

நாலாவது ஸ்க்ரூ. ஒத்தை சிலிண்டர் நடுக்கத்துல எல்லாமே கழலும். உலோகத்துல உலோகம் சேர்ற இடத்துக்கு நீலக் கலர் த்ரெட்லாக் ஒரு சொட்டு. சைலன்சர் போல்ட்டுக்கு மட்டும் அது நிக்காது, சூட்டுல இளகிடும். அதை ஓட்டத்துக்கு ஓட்டம் இறுக்கிப் பார்க்கணும். கார்புரேட்டர் சேர்ற இடம் லூசானா காத்து புகுந்து கலவை மெலிஞ்சு, என்ஜின் கிறீச்னு தனியா வேகம் எடுக்கும். அதுதான் ஜாம் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற சங்கு. சந்தேகம் வந்தா பிளக்கைக் கழட்டிப் பாருங்க. காபிப்பொடி நிறம்னா ஆரோக்கியம். வெள்ளைன்னா பெட்ரோல் பத்தலை. கறுப்பா ஈரமா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி.

கழுவுறேன்னு பைப்பைப் பிடிச்சு தண்ணி அடிக்காதீங்க. பஞ்சர் கடையில காத்து பிடிக்கச் சொல்லி தூசியை ஊதிட்டு, பிரஷ்ஷால துடைச்சா போதும். மூடின பார்க்கிங்ல ஸ்டார்ட் பண்ணாதீங்க. அந்தப் புகை வாசனைதான் நல்லா இருக்கும், ஆளைக் கொல்லும்.

அஞ்சாவது ஸ்டியரிங் சர்வோ. அந்தப் பெரிய முன்சக்கரத்தை மண்ணுல திருப்ப 20 கிலோவுக்கு மேல இழுவிசை உள்ளதா வேணும். திரும்பாத வண்டியும் நிக்காத வண்டிக்கு அண்ணன்தான்.

இதெல்லாம் முடிஞ்சு ஒரு பத்து டேங்க் ஓட்டினப்புறமும் வேகம் பத்தலைன்னு தோணினா, அப்ப பைப்பும் சிலிண்டரும் பாருங்க. பைப் மாத்தினா கார்புரேட்டர் ஊசியையும் மறுபடி சரி பண்ணணும். கிளட்ச், கியர், பிரேக் எல்லாத்துக்கும் பாரம் கூடும். எனக்கு? பெரிய சிலிண்டரைக் கழட்டி வச்சுட்டேன். பழசே போதும்.

ரெண்டு மாசம் அந்தப் பொட்டல் பக்கமே போகலை. அப்புறம் ஒரு நாள் காகாவைக் கூட்டிக்கிட்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச மராத்தியில மன்னிப்புக் கேட்டேன். வண்டியை வாசல்ல ஒரு கல்லு மேல தூக்கி வச்சு, சக்கரம் அந்தரத்துல சுத்த, ரிமோட்டை அணைச்சேன். என்ஜின் நின்னுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணி, ரிசீவர் பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். நின்னுது. அந்த அம்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "இன்னொரு தடவை" என்றாங்க. இன்னொரு தடவை செஞ்சு காட்டினேன்.

இப்ப வண்டி ஓட்டுறது வேற பொட்டல், ஆள் நடமாட்டம் இல்லாத இடம். பையன் சில ஞாயிறு காகாவோட வருவான். கிளம்புறதுக்கு முன்னாடி அவன்தான் "பந்த்!"னு கத்துவான். நான் ரிமோட்டை அணைக்கணும். ஒவ்வொரு தடவையும், ரெண்டு தடவை. அவன் தலையாட்டினாத்தான் வண்டி கல்லை விட்டு இறங்கும்.

டிஸ்கி: இதை ஃபோன்ல சொன்னப்ப அப்பா கேட்டது ஒரே கேள்வி. "ஆயில் கலந்துதானே ஊத்துற?"