தவறான கேபிள்



சென்ற ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பங்கு அலுவலகத்துக் கணினியோடு நான்கு மணி நேரம் மல்லுக்கட்டினேன். மறுநாள் காலை 10.30-க்கு ஓர் அடக்கத் திருப்பலி. இறந்தவரின் தாயார் மன்னாரில் இருக்கிறார், எண்பதைக் கடந்தவர், கனடாவரை பயணம் செய்யும் உடல்நிலை இல்லை. “சுவாமி, பிள்ளையின்ர முகத்தை ஒருக்கா எண்டாலும் காட்டுவியளோ?” என்று தொலைபேசியில் கேட்டார். காட்டுவேன் என்றேன். அந்த வாரமே கணினியின் நெட்வொர்க் கார்டு செயலிழந்தது. கைப்பேசியில் காட்டலாமே என்பீர்கள். கோவிற் கெமராக்கள் யாவும் அந்தக் கணினியை நம்பியே இருக்கின்றன. தடித்த சுவர்களுக்குள் கைப்பேசியின் இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும்.

புதிய கார்டு ஒன்றை வாங்கிவந்து, மின்சார வயரைக் கழற்றி, பெட்டியைத் திறந்து நானே பொருத்தினேன். பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்: இணைப்பு இல்லை, கேபிளைச் சரிபார். நெட்வொர்க் கேபிளை நான் இன்னும் செருகியிருக்கவில்லை. செருகினேன். செய்தி மாறியது, தொடக்கக் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை என்றது. வேறு கேபிள் மாற்றினேன். அதே செய்தி. கார்டையே கழற்றிவிட்டுப் பார்த்தேன்; தொடங்குவதற்குரிய சாதனம் எதுவும் இல்லை என்று ஒரே வரி. உண்மை அந்த வரியிலேயே இருந்தது. களைப்பில் அதனைக் கடந்துபோனேன். கார்டு பழுது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவரை மனத்துக்குள் திட்டியதையும் மறைக்கவில்லை.

குருமடத்தில் விவிலிய விளக்கம் கற்பித்த பேராசிரியர், எந்த வசனத்தையும் வாசிக்குமுன் ‘பேசுபவர் யார்?’ என்று கேட்கச் சொல்வார். நாற்பது ஆண்டுகளாக மறையுரைக்கு அதைக் கடைப்பிடித்தவன், கணினித் திரை முன் மறந்துவிட்டேன்.

காலை ஆறரைக்குப் பாடகர் குழுத் தம்பி ஒருவர் வந்தார். “ஃபாதர், நீங்கள் எந்தக் கேபிளைப் பாத்தனீங்கள்?” என்றார். காட்டினேன். சிரிக்காமல் விளக்கினார். கணினி எழும்போது முதலில் தன் வன்தட்டில் விண்டோஸைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் வரிசையில் அடுத்ததை நாடுகிறது. நெட்வொர்க் கார்டுகள் பலவற்றில், வேறொரு கணினியிலிருந்து வலை வழியே தொடங்குவதற்கான சிறு நிரல் ஒன்று உண்டு. நான் இரவெல்லாம் வாசித்தது அதன் பேச்சு. முறையிட்டது கார்டு, காணாமற் போனது வன்தட்டு.

எஃப்2 விசையை அழுத்தி அமைப்புப் பக்கத்துக்குள் சென்றார். வன்தட்டுகளின் பட்டியல் வெறுமையாக இருந்தது. பெட்டியைத் திறந்தோம். கார்டை அழுத்தியபோது என் கை பட்டிருக்க வேண்டும். வன்தட்டிலிருந்து வரும் தட்டையான சிவப்புக் கேபிள், பார்வைக்குப் பொருந்தியதுபோல் ஒரு நூலளவு விலகி நின்றது. விரலால் அழுத்தினார். ‘டிக்’ என்றது.

வன்தட்டை வரிசையில் முதலாவதாக வைத்து, வலைவழித் தொடக்கத்தை அணைத்தார். விண்டோஸ் எழுந்தது. ஆயினும் கெமராக்கள் தெரியவில்லை. பழைய கார்டுக்குக் கொடுத்திருந்த நிலையான ஐபி முகவரி புதியதற்குத் தானாக வருவதில்லையாம். குறிப்பேட்டைத் தேடி எடுத்து ஒவ்வோர் எண்ணாக நான் வாசிக்க, அவர் தட்டச்சு செய்தார்.

10.28-க்கு நேரலை தொடங்கியது. மன்னாரில் அப்போது இரவு ஒன்பதாக இரண்டு நிமிடம். முதலாவது கெமராவைப் பேழையின் பக்கம் திருப்பிவிட்டுத் திருவுடை அணியச் சென்றேன்.