லாரிக்குக் கட்டம் இல்லை

"இங்க ஏன் குடியிருக்கீங்கம்மா?" என்று கேட்டான் அந்தப் பையன். கையில் அட்டை, அதில் கிளிப் போட்ட தாள்கள். ஏதோ காலேஜில் படிக்கிறவன். போக்குவரத்துத் திட்டம் ஒன்றுக்குக் கணக்கெடுக்க நாள் கூலிக்கு வந்திருந்தான். கண்ணகி நகரில் எங்கள் பிளாக்கில் மாடிப்படி ஏறி ஏறி அவனுக்கு மூச்சு வாங்கியது. இது நடந்து சில வருஷம் ஆகிறது.

அம்மா சிரித்துவிட்டாள். "இன்னா தம்பி இப்டி கேக்குற? நாங்களா வந்தோம்? லாரில ஏத்திக்கினு வந்து கொட்டிட்டுப் போனாங்கோ."

அவன் தாளைப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். வேலைக்குப் பக்கம், வாடகை குறைவு, உறவினர் அருகில், சொந்த வீடு. நாலே கட்டம். லாரிக்குக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றவன் 'சொந்த வீடு' என்பதில் டிக் அடித்தான். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கேள்வி எழுதியவன் வேறு ஆள்.

அந்த லாரி வந்தது 2001-ல். குப்பை அள்ளுகிற லாரி. நான் அப்போது எட்டாவது. மந்தைவெளிப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் எங்கள் குடிசை. பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், அம்மா வேலை செய்கிற வீடுகளும் நடக்கிற தூரம். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்துவிடுவாள். பறக்கும் ரயில் வரப்போகிறது, கரையைக் காலி பண்ணணும் என்றார்கள். பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருந்தது. அந்த வருஷம் நான் பரீட்சை எழுதவில்லை. எங்கள் தெருவில் என்னோடு படித்த ஆறு பேரில் திரும்பப் பள்ளிக்கூடம் போனது ரெண்டு பேர்.

அந்தக் கால்வாயைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக மண் வெட்டியது நம்ம ஜனம்தான் என்று ஆயா சொல்லும். சின்ன வயசில் கதை என்றே நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால் ஆயா பொய் சொல்லவில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற எட்டு கிலோமீட்டர் கால்வாயை 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாகத்தான் வெட்டினார்கள். பேர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் துரைக்குப் போய்விட்டது. வெட்டினவனுக்குக் கரையில் குந்த இடம் கிடைத்தது, அதற்கும் பட்டா கிடையாது. புறம்போக்கு.

நூறு வருஷம் கழித்து ரயில் பாதைக்கு இடம் தேடினார்கள். நகரத்து நடுவில் வீடு, கடை, கோயில் என்று எதிலாவது கை வைத்தால் கேஸ் போடுவார்கள், நஷ்டஈடு கேட்பார்கள். கால்வாய் அரசாங்க நிலம், காசு கொடுத்து வாங்க வேண்டாம். அதனால் தூணைக் கால்வாயிலேயே நட்டார்கள். திட்டம் போடுகிறவர்கள் பாஷையில் இது சிக்கனம். பட்டா இல்லாதவன் மேல் பாதை போட்டால் செலவு குறையும் என்பதுதான் அந்தச் சிக்கனத்தின் அர்த்தம். யாருக்குப் பட்டா இல்லை, ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் எந்த என்ஜினியரிங் புத்தகத்திலும் வராது. சாதியின் வரலாற்றில்தான் வரும்.

ரயில் 1997-ல் திருமயிலை வரைக்கும், 2004-ல் திருவான்மியூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் வந்தது. கண்ணகி நகருக்கு வரவில்லை. அதற்காகக் காலி பண்ணப்பட்ட ஜனம் இருக்கிற இடத்துக்கு ஒரு ஸ்டேஷன் வைக்கணும் என்று யாருக்கும் தோணவில்லை.

அம்மா வேலையை விடவில்லை. பழகின வீடுகள், முன்பணம் வேறு வாங்கியிருந்தாள். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் டைடல் பார்க் சிக்னல், அங்கே திருவான்மியூர் ஸ்டேஷன், ரயிலில் மந்தைவெளி. கிரீன்வேஸ் ரோடு தாண்டியதும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாளாம். நம்ம வூடு இருந்த எடம் கீழ தெரியும்டி என்பாள். அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. 2021 மே மாசம் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபிறகு ரயிலை விட்டுவிட்டாள். அந்த அறிவிப்பு பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். மாசம் மிச்சமான காசில் அம்மா முதல் தடவையாகக் கண்ணாடி வாங்கிப் போட்டாள். ஆனால் நேரம் மிச்சமாகவில்லை. பஸ்ஸில் ரயிலைவிட இன்னும் கூடத்தான் ஆகிறது.

கணக்கெடுப்பு எதற்கு என்று அந்தப் பையனே சொன்னான். யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, இருபது வருஷம் கழித்து எந்த ரோட்டில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று போடுவார்களாம். அதைப் பார்த்து மேம்பாலம், ரயில், ஆறு வழிச் சாலை. அறிவியல்தான். ஆனால் எங்களைப் பிடுங்கி 15 கிலோமீட்டர் தள்ளிப் போட்டதால் உண்டான பயணம், அந்தக் கணக்கில் 'மக்களின் தேவை' ஆகிவிடுகிறது. தேவை இருக்கிறது என்று இன்னொரு பாதை போடுவார்கள். அதற்கு இன்னொரு கரையைக் காலி பண்ணுவார்கள்.

கூவக் கரையில் நடந்ததைப் பாருங்கள். துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல். குடிசைகளை அகற்றினார்கள். அங்கேயிருந்து வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. 2012-ல் வேலை நின்றது. வருஷக்கணக்கில் ஆற்றில் மொட்டைத் தூண்கள் நின்றன. 2022-ல் மறுபடியும் அடிக்கல். ரோடு வராமலே ஜனம் போய்விட்டது.

ஊருக்கு வெளியே சேரி என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நகரத்துக்கு வெளியே கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் அதே கணக்குதான். ஒரு வித்தியாசம், இந்த 'வெளியே' நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்கள் வந்தபோது ஒக்கியம் துரைப்பாக்கம் பஞ்சாயத்து, 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்தது. பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022-ல் 5,904 ஆக விரிந்தது. நிலத்துக்கு விலை ஏறினால் எங்களுக்கு அடுத்த 'வெளியே' எது என்று இப்போதே ஒரு வரைபடத்தில் இருக்கும்.

பையனிடம் திரும்ப வருகிறேன். "எங்க வேலை பாக்குறீங்கம்மா?" என்றான். அம்மா மூணு வீட்டு விலாசமும் சொன்னாள். ஒன்று மந்தைவெளி, ஒன்று மயிலாப்பூர், ஒன்று அபிராமபுரம். தாளில் ஒரு வரிதான் இருந்தது. மந்தைவெளியை மட்டும் எழுதிக்கொண்டான். வண்டி எத்தனை என்றான். இல்லை என்றாள். சைக்கிள்? அதுவும் இல்லை. தண்ணி குடிச்சிட்டுப் போ தம்பி என்றாள். குடித்தான்.

அவன் போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. கீழே இறங்கி அவனைப் பிடித்தேன். அந்தச் சொந்த வீட்டை அடித்துவிட்டு லாரி என்று எழுது என்றேன்.

"வேற எழுதினா கம்ப்யூட்டர்ல ஏறாதுக்கா."

"ஏறலைன்னா பரவால்ல. எழுது."

எங்கள் தாளைத் தேடி எடுத்து, மடித்த முழங்காலில் அட்டையை வைத்து, ஓரத்தில் சின்னதாக எழுதினான். டிக்கை அடிக்கவில்லை. பிறகு அடுத்த பிளாக்குக்குப் படியேறினான்.