உதிர்ந்த ஒரு மலர்

புதுச்சேரி துமாஸ் வீதியில் நண்பரின் இல்லத்துக் கூடத்தில், பித்தளைச் செம்பொன்றில் நிறைத்த மரமல்லிகைக் கொத்தைத் தீட்டிய சிறிய தைலவர்ண ஓவியமொன்று இருக்கிறது. நேற்று மாலை, ஐப்பசி மழை விட்ட நேரத்தில், அதன் முன் நெடுநேரம் நின்றிருந்தேன். இவ்வகைச் சித்திரத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘நாத்யூர் மோர்த்’, அதாவது உயிரற்ற இயற்கை, என்பர். அப்பெயரை என் உள்ளம் என்றுமே ஏற்றதில்லை. செம்பின் அடியில் உதிர்ந்து கிடக்கும் ஒற்றை மலரின் நீண்ட வெண்காம்பில் இளமஞ்சள் படரத் தொடங்கியிருப்பதை எவ்வளவு பரிவோடு கவனித்து எழுதியிருக்கிறார் அந்த ஓவியர்! வாடுவதும் ஜீவனின் காரியமல்லவா?

பாரிஸில் 1878-இல் பிறந்து, அங்கேயே சித்திரக்கலை பயின்று, 1920 முதல் இவ்வூரிலேயே நிலைபெற்றுவிட்ட ஸ்ரீ அன்னை, நூற்றுக்கணக்கான மலர்களுக்கு ஆத்மார்த்தமான பொருள் கண்டபோது, துளசிக்குப் பக்தியையும் மல்லிகைக்குத் தூய்மையையும் வழங்கி, இரவில் மலர்ந்து விடியலில் தரையெல்லாம் சொரிந்து கிடக்கும் இம்மரமல்லிக்கு உருமாற்றம் என்னும் பொருளை அளித்தார். அதை அறிந்தபின் அவ்வோவியத்தின் சோகம் எனக்குச் சோகமாகத் தோன்றவில்லை; ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கும் மௌனமாகவே தோன்றிற்று.

விடைபெற்று வீதிக்கு வந்து, ஈரத்தரையில் கிடந்த மலரொன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்தினேன். காம்பில் அதே மஞ்சள்.