குடை பிடித்து நடந்த வீதி

பிழைப்பைத் தேடி நான் பெங்களூருக்கும் அக்காள் சென்னைக்கும் சென்று இருபத்தைந்து ஆண்டுகளாயின. மார்த்தாண்டத்திலுள்ள பூர்வீக வீட்டை விற்றுக் கையெழுத்திட்ட மறுநாள், இருவரும் திருவனந்தபுரம் சென்றோம். அக்காளுக்கு முழங்கால் வலி. ஆயினும், "ஆட்டோ வேண்டாம் தம்பி, நடந்தே பார்ப்போம்" என்றார். காரணம் பின்னரே விளங்கிற்று.

சாலைக் கடைத்தெருவிலிருந்து புறப்பட்டோம். திவான் ராஜா கேசவதாசன் 18-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய அந்த அங்காடியில் இன்றும் தமிழ் ஒலிக்கிறது. கிழக்கேகோட்டைக்குள் மேத்தன் மணி என்னும் கடிகாரம் உள்ளது. மணி அடிக்கையில் இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரனின் கன்னங்களில் முட்டுகின்றன. குழந்தையைப்போல அக்காள் சிரித்தார். அருகே, சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய குதிரைமாளிகை. அதன் கூரை விளிம்பில் 122 மரக்குதிரைகள் அணிவகுக்கின்றன.

1869-ல் திறக்கப்பட்ட தலைமைச் செயலகத்தை அடைந்தபோது வெயில் சுட்டது. அக்காள் குடையை விரித்துச் சற்று நின்றார்.

"நம் பாட்டியின் பாட்டிக்கு இது விலக்கப்பட்டிருந்தது, தெரியுமா?"

தெரியும், ஆனால் அந்தத் தெருவில் நின்று நினைத்ததில்லை. பழைய திருவிதாங்கூரில் நாடார் முதலிய பல சமூகத்தாருக்குக் குடை பிடிக்கவும், செருப்பணியவும், பெண்கள் தோளை மூடவும் தடையிருந்தது. நெடிய போராட்டத்திற்குப் பின், 1859 ஜூலை 26-ல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அரசு இசைந்தது, அதுவும் கட்டுப்பாடுகளோடு. அந்தப் போராட்டத்தில் லண்டன் மிஷன் ஊழியர்கள் துணைநின்றனர். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெற்றீரின் நினைவாக 1906-ல் எழுந்த செந்நிற ஆலயம் பாளையத்தை அடுத்து நிற்கிறது. பாளையத்திலோ பள்ளிவாசலும், கணபதி கோயிலும், புனித யோசேப்பு பேராலயமும் கூப்பிடு தூரத்தில் உள்ளன.

1880-ல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தையும் கடந்து வெள்ளையம்பலம் சேர்ந்தோம். அங்கே அய்யன்காளியின் சிலை உள்ளது. தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் 1893-ல் வில்வண்டி ஓட்டிச் சென்றவர் அவர். அக்காள் முழங்காலைத் தடவியபடி அண்ணாந்து பார்த்தார்.

"வீடு போயிற்று, தம்பி. ஆனால் இந்த வழி நமக்குக் கிடைத்தது. இதை யாரும் விற்க முடியாது."

அன்பான வாசகர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் பிள்ளைகளை இவ்வீதியில் ஒருமுறை நடத்தி அழைத்துச் செல்லுங்கள். கையில் ஒரு குடையும் இருக்கட்டும்.